பொட்டாஷ் கரைசலில் வந்த செந்நிறப் படிவு: இரட்டை இடப்பெயர்ச்சி வினை நிகழ்ந்ததா, இல்லையா?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சென்ற வாரம் வைத்த சிறு தேர்வில், இரட்டை இடப்பெயர்ச்சி வினைக்கு, அதாவது இரண்டு சேர்மங்கள் தம் பகுதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும் வினைக்கு, ஓர் எடுத்துக்காட்டுச் சமன்பாடு எழுதுமாறு கேட்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள், லெட் (ஈயம்) நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்து மஞ்சள் நிற லெட் அயோடைடு வீழ்படிவைத் தருவதை எழுதிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும், பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் சேர்ந்து பொட்டாசியம் நைட்ரேட்டையும் சோடியம் குளோரைடையும் தரும் என்று எழுதி, இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருப்பதையும் கீழே கணக்கிட்டுக் காட்டியிருந்தான். நான் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "வினை நிகழாது" என்று எழுதினேன்.

தாளை வாங்கிக்கொண்ட மாணவன், சமன்பாடு சமமாக இருக்கும்போது ஏன் நிகழாது என்று கேட்டான். விளைபொருள்கள் இரண்டுமே நீரில் கரைந்துவிடும் என்றேன். கரைந்தால் என்ன, கரைந்த நிலையிலும் அது பொட்டாசியம் நைட்ரேட்தானே என்று திருப்பிக் கேட்டான். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆதலால் செய்தே காட்டிவிடலாம் என்று துணிந்தேன். எங்கள் ஆய்வகத்தில் சோடியம் நைட்ரேட் இருந்தது, பொட்டாசியம் குளோரைடு இல்லை. ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து உரத்துக்கு வாங்கி வைத்திருந்த பொட்டாஷில் ஒரு பிடி வரவழைத்து, கண்ணாடிக் குவளையில் கரைத்து, அதன்மேல் சோடியம் நைட்ரேட் கரைசலை ஊற்றி, "பாருங்கள், ஒரு மாற்றமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வகுப்பின் பக்கம் திரும்பினேன். சற்று நேரத்தில் முன்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. குவளையைப் பார்த்தால், அடியில் செங்கல் தூளைப் போல ஒரு படிவு தங்கியிருந்தது. கேள்வி கேட்டவன் வாய் திறக்கவில்லை, அவன் பக்கத்தில் இருந்தவன்தான் கைதட்டினான்.

அந்தச் செந்நிறப் படிவு என்ன என்பதை யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். வினை நிகழாததற்கான காரணத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஏற்கும்படி எப்படிச் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். லெட் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நம் டெல்டாப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் பொருள்களில் இந்த வினைக்கு எடுத்துக்காட்டுகள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

மாயூரத்தார் எழுதிய மறுமொழி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இதே பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அந்தச் செந்நிறப் படிவை முதலில் தீர்த்துவிடுவோம், அது தீராத வரை வகுப்பில் வேறு எதைச் சொன்னாலும் எடுபடாது. உரக்கடைப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடுதான் என்றாலும், நிலத்தடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும்போதே இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் அதனுள் சிக்கியிருப்பதால்தான் அது செங்கல் நிறமாக இருக்கிறது. தூய பொட்டாசியம் குளோரைடு சமையல் உப்பைப் போல வெள்ளையாகவே இருக்கும். நீரில் போட்டவுடன் குளோரைடு கரைந்துவிடுகிறது, இரும்பு ஆக்சைடோ கரையாமல் மெல்ல மெல்ல அடியில் தங்குகிறது. நீங்கள் சோடியம் நைட்ரேட்டை ஊற்றாமலே இருந்திருந்தாலும் அந்தப் படிவு வந்திருக்கும்.

இதை நீங்கள் வாயால் சொல்லி முடித்துவிட வேண்டாம். இரண்டு குவளைகளை அருகருகே வைத்து, இரண்டிலும் பொட்டாஷைக் கரைத்து, ஒன்றில் மட்டும் நைட்ரேட் கரைசலையும் மற்றதில் அதே அளவு வெறும் நீரையும் ஊற்றிவிட்டு ஒரு பாடவேளை காத்திருங்கள். இரண்டிலும் ஒரே படிவு தங்குவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, ஒப்பீட்டுச் சோதனை எதற்கு வேண்டும் என்பது வாழ்நாள் முழுவதும் மறக்காது. அடுத்து, தெளிந்த நீரை வடிதாளில் வடிகட்டி எடுத்து அதில் நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், நீங்கள் முதலில் காட்ட விரும்பியது அப்படியே கிடைக்கும்.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கரைந்த நிலையிலும் அது பொட்டாசியம் நைட்ரேட்தானே என்று அவன் கேட்டிருக்கிறானே, தவறு ஒளிந்திருப்பது அங்கேதான், அந்தத் தவறுக்குப் பாதிப் பொறுப்பு நாம் எழுதும் சமன்பாட்டு முறைக்கும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு என்று சேர்த்து எழுதுகிறோம், ஆனால் நீரில் கரைந்த பிறகு அப்படி ஓர் இணை அங்கே இல்லை. அயனி என்பது மின்சுமை கொண்ட துகள். பொட்டாசியம் அயனி தனியாகவும் குளோரைடு அயனி தனியாகவும், ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளோடு அலைந்துகொண்டிருக்கின்றன. சோடியம் நைட்ரேட் கரைசலும் அப்படியே. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நான்கு வகை அயனிகள் ஒரே நீரில் அலைகின்றன. ஊற்றுவதற்கு முன்னும் அவை தனித்தனி, ஊற்றிய பின்னும் தனித்தனி. இல்லாத இணை எப்படிப் பிரியும், எதனோடு இடம் மாற்றிக்கொள்ளும்? அவன் விளைபொருள்களாக எழுதிய பொட்டாசியம் நைட்ரேட்டையும் சோடியம் குளோரைடையும் வேறொரு குவளையில் கரைத்தால், அதே அளவுகளில் அதே நான்கு அயனிகள்தாம் கிடைக்கும். இரண்டு குவளைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் எது எது என்று எந்த வேதியியலராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை அவனிடம் சொல்லிப் பாருங்கள், மற்றதை அவனே பிடித்துக்கொள்வான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உவமை பேருந்து நிலையம். சீர்காழியிலிருந்து வந்த பேருந்தும் கும்பகோணத்திலிருந்து வந்த பேருந்தும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கிவிட்டால் எல்லாரும் ஒரே கூட்டமாகக் கலந்து நிற்பார்கள். அவர்களில் யாரோ இருவர் சேர்ந்து பூம்புகார் வண்டியில் ஏறிக் கிளம்பினால்தான் கூட்டத்தில் ஏதோ நடந்தது என்று சொல்ல முடியும். லெட் அயனியும் அயோடைடு அயனியும் அப்படிக் கிளம்பிவிடுகின்றன. அவை ஒன்றையொன்று இறுகப் பற்றி, நீரால் பிரிக்க முடியாத திண்மமாகி அடியில் விழுகின்றன. பொட்டாசியமும் நைட்ரேட்டும் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கின்றன, அவற்றைப் பார்வையாளர் அயனிகள் என்று சொல்கிறோம். உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது, அயனிகள் யாரையும் விரும்பித் தேடிப் போவதில்லை.

கூட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு வீழ்படிவு ஒரு வழி. வாயுவாக வெளியேறுவது இன்னொரு வழி. ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு. மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்தால் படிவும் இல்லை, குமிழியும் இல்லை, ஆனாலும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகி மறைகின்றன. குவளையைத் தொட்டுப் பார்த்தால் சுடுவதுதான் அதற்குச் சாட்சி.

எந்த உப்பு விழும், எது விழாது என்பதற்குப் பிள்ளைகள் நீண்ட அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் உப்புகளும் எல்லா நைட்ரேட்டுகளும் பள்ளி அளவில் கரையும் என்று கொண்டாலே போதும். உங்கள் மாணவன் எழுதிய நான்கு அயனிகளில் மூன்று இந்தப் பட்டியலில் இருப்பதால், நீர்த்த கரைசலில் அங்கே வீழ்படிவு வருவதற்கு வழியே இல்லை.

டெல்டாவில் எடுத்துக்காட்டு கேட்டீர்கள். கடலோரப் பக்கங்களில் உப்புத் தண்ணீர் வரும் அடிகுழாயில் சோப்புப் போட்டுத் துணி துவைத்தால் நுரைக்காமல் திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக வாளியில் மிதக்குமே, அது கலப்பற்ற இரட்டை இடப்பெயர்ச்சி. சோப்பில் உள்ள சோடியம் உப்பும் நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் இடம் மாற்றிக்கொண்டு கரையாத கால்சியம், மெக்னீசியம் சோப்புகளாக வெளியே வருகின்றன. வேறொன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பாவதை இந்த வினைக்கு எடுத்துக்காட்டாகச் சிலர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அங்கே மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சுண்ணாம்பு ஒரு காரம், அவ்வளவுதான்.

கொடிக்கால்காரர் எழுதிய மறுமொழி:

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, பாபநாசம் வட்டத்தில் ராஜகிரிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன் நான். மாயூரத்தார் ஐயா சொன்னதற்கு மேல் கோட்பாட்டில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் கொடிக்காலில் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கும்போது இந்த வினையை 100 லிட்டர் அளவில் நடத்துகிறோம் என்பதை ஆசிரியை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாடல் நோய்க்கு ஊற்றும் போர்டோ கலவையைப் பெரும்பாலான கொடிக்கால் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். பிரான்ஸ் நாட்டுப் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடிகளின் அடிச்சாம்பல் நோய்க்கு இது பயன்படுவதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885 இல் வெளியிட்டார். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து இன்னொரு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆழ்ந்த நீலமாக இருந்த கரைசல் சுண்ணாம்பில் விழுந்ததும் வெளிறிய வானநீலக் கூழாக மாறுவதைப் பார்க்கலாம். காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து காப்பர் ஹைட்ராக்சைடையும் கால்சியம் சல்பேட்டையும் தருகின்றன என்று பள்ளியில் எழுதலாம். உண்மையில் காரக் காப்பர் சல்பேட்டும் அதில் கலந்தே இருக்கும், சமன்பாடு காட்டும் அளவுக்கு அது தூய்மையானதன்று. பள்ளியில் காட்டும் பல வினைகளில் ஒரு விளைபொருள் மட்டுமே விழும், இங்கே இரண்டுமே நீரில் அதிகம் கரையாதவை.

மயில்துத்தத்தை நேரே கரைத்துத் தெளித்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்டால், அது அமிலத் தன்மை உடையது என்பதால் இலை கருகிவிடும் என்றும், நன்கு கரைவது என்பதால் அடுத்த மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும் என்றும் சொல்லுங்கள். கரையாத நிலையில் இலையில் ஒட்டிக்கொண்டிருந்து சிறிது சிறிதாகத் தாமிர அயனியை விடுவதுதான் இந்தக் கலவைக்கு வேண்டிய குணம். வீழ்படிவு என்றாலே வடிகட்டி எறிவதற்கான கசடு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு மாற்று மருந்து.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். கலவை சரியாக அமைந்ததா என்று பார்க்க, துருவில்லாமல் நன்றாகத் தீட்டிய அரிவாளின் நுனியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுப்போம். அரிவாள் பளபளப்பாகவே வந்தால் கலவை சரி. நுனியில் செம்பழுப்பாக ஒரு பூச்சு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றுவோம். அந்தப் பூச்சு தாமிரம். வினையில் சேராமல் எஞ்சிய தாமிர அயனியை இரும்பு வெளியேற்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதாவது பாடத்தில் வரும் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரட்டை இடப்பெயர்ச்சி முழுமையாக நடந்ததா என்று சோதிக்க ஒற்றை இடப்பெயர்ச்சியைக் கருவியாக்குகிறோம். என் தகப்பனார் பள்ளிக்கூடம் தாண்டாதவர், கலவையை இரும்பு அண்டாவில் போடக் கூடாது, மண்பானையோ பிளாஸ்டிக் டிரம்மோதான் வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னதற்கும் காரணம் இதுவே.

வகுப்பில் கணக்குப் போட வைக்க வேண்டுமானால், படிக நீரோடு சேர்த்து மயில்துத்தத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 250, சுட்ட சுண்ணாம்புக்கு 56. ஆகவே 1 கிலோ மயில்துத்தத்துக்கு உண்மையில் வேண்டிய சுண்ணாம்பு சுமார் 225 கிராம்தான். நாங்கள் 1 கிலோ போடுகிறோமே, அது ஏன் என்று கேளுங்கள். சூளைச் சுண்ணாம்பு அவ்வளவு தூய்மையானதன்று என்பதும், தாமிரம் எஞ்சி இலையைக் கருக்குவதைவிடச் சுண்ணாம்பு எஞ்சுவது மேல் என்பதும் விடை. பிள்ளைகளிடம் மயில்துத்தத்தைக் கொடுப்பதானால் கையுறையும் கவனமும் வேண்டும், வயிற்றுக்குள் போனால் அது நஞ்சு.

குடந்தை வாசி எழுதிய மறுமொழி:

வேதிப்பொருள் தயாரிக்கும் ஆலையில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். ஆசிரியை ஓரத்தில் எழுதிய "வினை நிகழாது" என்ற தீர்ப்பை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்த மாணவனுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

அவன் எழுதிய அதே சமன்பாட்டை வைத்துத்தான் ஒரு காலத்தில் வெடியுப்பைத் தயாரித்தார்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிலி நாட்டிலிருந்து கப்பலில் வந்த சோடியம் நைட்ரேட்டையும் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் சுரங்கங்களில் கிடைத்த பொட்டாசியம் குளோரைடையும் கொதிநீரில் சேர்த்துப் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுத்தார்கள். சூட்சுமம் கரைதிறன் எண்களில் இருக்கிறது. 100 கிராம் நீரில் சோடியம் குளோரைடு 20 டிகிரி செல்சியஸில் 36 கிராம் கரையும், 100 டிகிரியிலும் 39 கிராம்தான் கரையும். பொட்டாசியம் நைட்ரேட்டோ 20 டிகிரியில் 32 கிராம் அளவே கரைந்து, 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேல் கரைகிறது. ஆகவே நான்கு அயனிகளும் செறிந்திருக்கும் கரைசலைக் கொதிக்கவைத்து நீரைக் குறைத்துக்கொண்டே போனால் முதலில் தாங்க முடியாமல் விழுவது சமையல் உப்பு. அதைச் சூட்டோடு வடிகட்டிவிட்டு மிச்சக் கரைசலை ஆறவிட்டால் பொட்டாசியம் நைட்ரேட் ஊசி ஊசியாகப் படிகிறது.

மாயூரத்தார் ஐயா சொன்ன "கூட்டத்தை விட்டுக் கிளம்புவது" என்ற கருத்து இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் யார் கிளம்புவார் என்பதை உப்புகளின் பெயர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை, எவ்வளவு நீர் இருக்கிறது, எவ்வளவு சூடு இருக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கரையும், கரையாது என்று இரண்டே கட்டங்கள் போட்ட அட்டவணையைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பின்னர் மேல்நிலை வகுப்பில் கரைதிறன் வரைபடத்தைக் காட்டும்போது பிள்ளைகள் திகைக்கிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

ஆசிரியைக்கு ஓர் எளிய யோசனை. பொட்டாஷை வடிகட்டி எடுத்த கரைசலோடு நைட்ரேட் கரைசலைச் சேர்த்து, அதில் ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் வைத்து நிழலில் உலரவிட்டு, பள்ளி நுண்ணோக்கியில் அந்த மாணவனையே பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கவைக்கும் வேலையை மட்டும் வகுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். நைட்ரேட்டுகள் தீயைத் தூண்டுபவை. காய்ந்த படிகங்களைக் காகிதத்தோடும் கரியோடும் சேர விடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

மாயூரத்தார் எழுதிய மறுமொழி:

குடந்தை நண்பர் சொன்னதை மறுக்கவில்லை, என் மறுமொழியிலும் "நீர்த்த கரைசலில்" என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் முதல் நாளே கரைதிறன் எண்களைக் கொட்டினால், இருபது பிள்ளைகள் குழம்பி இரண்டு பிள்ளைகள் தெளிவார்கள். முதலில் தெளிவான வீழ்படிவு, அடுத்து வீழ்படிவு வராத இணை, அதற்குப் பிறகு நுண்ணோக்கிச் சொட்டு என்ற வரிசையில் போவதே நல்லது என்பது என் அனுபவம். வீழ்படிவைக் காட்ட லெட் வேண்டியதில்லை. உரக்கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட்டில் ஒரு தேக்கரண்டி, சலவைச் சோடாவில் ஒரு தேக்கரண்டி, இரண்டையும் தனித்தனி டம்ளரில் கரைத்து ஒன்றில் ஒன்றை ஊற்றினால் வெள்ளையாகத் திரளும். வடிகட்டுவதற்கு வீட்டுக் காபி ஃபில்டரை எடுத்து வரச் சொல்லாதீர்கள், ஒரு முறை நான் சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் பேச்சு வாங்கினேன்.

நாகைக் கரையோரம் எழுதிய மறுமொழி:

நாகப்பட்டினம் பக்கம் நிலம் வைத்திருக்கிறேன், வேளாண் பட்டயம் படித்தவன். கொடிக்கால் நண்பரைப் போல நானும் வயலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எங்கள் வயலில் கடல்நீர் ஏறி நின்றது. வடிந்த பிறகு மண் காய்ந்து, மேலே வெள்ளை பூத்து, அடுத்த மழையில் களிமண் குழம்பாகி நீரைக் கீழே இறங்கவிடாமல் அடைத்துக்கொண்டது. களிமண் துகள்களின் மேல் ஒட்டியிருந்த கால்சியம் அயனிகளைக் கடல்நீரின் சோடியம் அயனிகள் தள்ளிவிட்டு இடம் பிடித்ததால் வந்த வினை அது.

அதற்கு ஜிப்சம் போட்டோம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், 1 லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.5 கிராம் அளவே கரையும். கரைந்த அந்தச் சிறிதளவு கால்சியம் களிமண்ணில் இருக்கும் சோடியத்தை வெளியேற்றுகிறது. சோடியம் சல்பேட்டாக மாறும் சோடியம் நீரோடு போகிறது. களர் நிலத்தில், அதாவது களிமண்ணில் சோடியம் மிகுந்து ஒட்டிய நிலத்தில், சோடியம் கார்பனேட்டும் இருக்குமானால், அது ஜிப்சத்தோடு வினைபுரிந்து கரையாத கால்சியம் கார்பனேட்டையும் கரையும் சோடியம் சல்பேட்டையும் தருகிறது. பாடப்புத்தகத்தில் அச்சிடத்தக்க இரட்டை இடப்பெயர்ச்சி இது.

இங்கே நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. எங்கள் இரண்டு மடைகளுக்கும் ஒரே அளவு ஜிப்சம் போட்டு, ஒரே நாளில் நீர் கட்டினோம். மேல் மடையில் வடிகால் வெட்டியிருந்தது, அடுத்த சம்பாவுக்குப் பயிர் தேறியது. கீழ் மடையில் வடிகால் தூர்ந்து கிடந்ததால் சோடியம் சல்பேட் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது, நாற்று நுனி கருகிப் போனது. கார்பனேட்டுக்குத்தான் வீழ்படிவு என்ற வழி இருக்கிறது. களிமண்ணில் ஒட்டிய சோடியத்துக்கு வடிகால்தான் வழி. அதை அடைத்துவிட்டால் எத்தனை மூட்டை கொட்டினாலும் மாற்றம் பாதியிலேயே நின்றுவிடும். இன்னொன்று, கரையும் உப்பு மிகுந்த உவர் வேறு, களர் வேறு. கார அமில நிலை 8.5 க்கு மேல் போன களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். வெறும் உவர் நிலத்துக்கு நல்ல நீர் பாய்ச்சி வடித்தாலே போதும், மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்குவது வீண் செலவு.

வெண்ணாற்றங்கரை எழுதிய மறுமொழி:

மறுமொழி எழுதிய எல்லாருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் இரண்டு பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கினேன். முதலில் இரண்டு பொட்டாஷ் குவளைகளை வைத்தோம். இரண்டிலும் செந்நிறப் படிவு தங்கியதும், அன்று கைதட்டியவனே எழுந்து, வெறும் தண்ணீரும் வினைபுரிகிறதா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். வடிகட்டிய பொட்டாஷ் கரைசலும் நைட்ரேட் கரைசலும் சேர்ந்த சோதனைக்குழாயை ஒரு செய்தித்தாளின்மேல் நிறுத்திப் பார்த்தபோது எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. மெக்னீசியம் சல்பேட்டும் சலவைச் சோடாவும் சேர்ந்த குழாய்க்குப் பின்னால் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டு குவளைகளை இடம் மாற்றி வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது என்ற வாக்கியத்தைச் சொன்னபோது, கேள்வி கேட்ட மாணவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் சமன்பாட்டின் அம்புக்குறிக்கு இரு பக்கமும் ஒன்றுதானே என்றான். அதைத்தான் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் உலர்ந்த சொட்டையும் பார்த்தோம். ஓரங்களில் நீண்ட ஊசி போன்ற படிகங்களும் அவற்றுக்கு நடுவே சிறு சதுரங்களும் இருந்தன. ஊசிகள்தாம் தான் எழுதிய பொட்டாசியம் நைட்ரேட் என்று அவன் வகுப்புக்கே காட்டினான். சதுரங்கள் சமையல் உப்பா, எஞ்சிய பொட்டாசியம் குளோரைடா என்பதைப் பார்த்த அளவில் சொல்ல முடியாது, இரண்டும் கனசதுரமாகவே படியும் என்று நான் சொன்னதும், சுவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை மீண்டும் ஒரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

அவன் தாளில் அடித்ததை நான் மாற்றிவிட்டேன். முழு மதிப்பெண் தரவில்லை, பாதி தந்து, ஓரத்தில் இருந்த "வினை நிகழாது" என்பதை அழித்து "நீர்த்த கரைசலில் நிகர மாற்றம் இல்லை" என்று எழுதினேன். அடுத்த தேர்வுக்கான வினாவை இப்படி அமைத்திருக்கிறேன்: பொட்டாசியம் குளோரைடு, சோடியம் நைட்ரேட் ஆகியவற்றின் நீர்த்த கரைசல்களை அறை வெப்பநிலையில் கலந்தால் கரைசலில் இருக்கும் அயனிகள் எவை, அவற்றில் எது வெளியேறும், ஏன்? கொடிக்கால் நண்பரின் அரிவாள் சோதனையை அடுத்த வாரம் நானே செய்து காட்டுவதாக இருக்கிறேன், மயில்துத்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போவதில்லை. அரிவாளை மட்டும் யார் வீட்டிலிருந்து கொண்டுவருவது என்பதில்தான் வகுப்பில் இன்னும் போட்டி நடக்கிறது.